முட்டி ஜவ்வு கிழிந்தால்: ஒரே ஸ்கேன் ரிப்போர்ட், ஏன் இரண்டு விதமான வைத்தியம்?

பொங்கல் சமயத்தில் கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் மின்னொளி கபடி நடக்காத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போட்டி முடிந்த அடுத்த வாரம் நொண்டிக்கொண்டே ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களும் உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பேரின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டிலும் முன் குறுக்கு ஜவ்வு முழுதாகக் கிழிந்திருப்பதாக ஒரே வரி. ஒருவரை ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கச் சொல்கிறார்கள். இன்னொருவரிடம் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள். இரண்டு டாக்டர்களில் யாரோ ஒருவர் தவறு செய்கிறார் என்றுதான் வீட்டில் உள்ளவர்களுக்குப் படும். பெரும்பாலும் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

விளையாட்டுச் செய்திகள் இந்தக் குழப்பத்தை இன்னும் கிளறுகின்றன. ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கினார். மும்பையில் வலது முட்டி ஜவ்வுக்கு அறுவை நடந்தது. 2024 மார்ச்சில்தான் ஐ.பி.எல். களத்துக்குத் திரும்பினார். பணத்துக்கும் வைத்தியத்துக்கும் குறைவில்லாத ஒருவருக்கே கிட்டத்தட்ட 15 மாதம். இங்கே நாலே மாதத்தில் கோட்டுக்குள் இறங்குகிறவர்களைப் பார்க்கிறோம்.

ஜவ்வு கிழிந்ததா என்பது முதல் கேள்வி மட்டுமே. முட்டி நழுவுகிறதா, அந்த முட்டியிடம் இனி என்ன வேலை வாங்கப் போகிறோம் என்ற அடுத்த இரண்டு கேள்விகள்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்கின்றன. அது ஏன் என்று புரிய, முட்டி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

இடுப்பு மூட்டில் ஆழமான குழிக்குள் எலும்பின் தலை உட்கார்ந்திருக்கும், எளிதில் விலகாது. முட்டியில் அந்த வசதி இல்லை. தொடை எலும்பின் உருண்டையான இரண்டு முனைகள், கணைக்கால் எலும்பின் ஏறக்குறைய தட்டையான மேல்பரப்பில் நிற்கின்றன. எலும்பின் வடிவத்தால் கிடைக்கும் பிடிப்பு குறைவு. மீதிப் பிடிப்பை எலும்பையும் எலும்பையும் இணைக்கும் ஜவ்வுகள் தருகின்றன.

1. முன் குறுக்கு ஜவ்வு, அதாவது ஏசிஎல். மூட்டின் நடுவே குறுக்காகப் போகிறது. கணைக்கால் எலும்பு முன்னால் தள்ளிப்போகாமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் தடுக்கிறது. நீளம் சராசரியாக 3 சென்டிமீட்டர் சொச்சம்.
2. பின் குறுக்கு ஜவ்வு, பிசிஎல். கணைக்கால் எலும்பு பின்னால் போகாமல் பிடிக்கிறது. ஏசிஎல்லைவிடத் தடிமன்.
3. உள்பக்க ஜவ்வு, எம்சிஎல். முட்டி உள்பக்கமாக மடங்கி விழாமல் தாங்குகிறது.
4. வெளிப்பக்க ஜவ்வு, எல்சிஎல். எதிர்ப்பக்கத்தில் அதே வேலை.

இவற்றோடு, இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு மெனிஸ்கஸ் இருக்கின்றன. பலர் இதையும் ஜவ்வு என்றே சொல்கிறார்கள். ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் மெனிஸ்கஸின் வேலை எடையைப் பங்கிட்டுத் தாங்குவது. நேராக நிற்கும்போது மூட்டில் இறங்கும் சுமையில் பாதியையாவது அது வாங்கிக்கொள்கிறது. 90 டிகிரி மடக்கினால் 85 விழுக்காடு வரை. மெனிஸ்கஸை முழுதாக எடுத்துவிட்டால் குருத்தெலும்பின் மீது விழும் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும். ஒரு காலத்தில் தேவையில்லாத உறுப்பு என்று வெட்டி எறிந்தார்கள். இன்று முடிந்தவரை தைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

முட்டி, கதவுக் கீல் போல இயங்குவதில்லை

கதவுக் கீலுக்கு ஒரே அச்சு. முட்டிக்கு அப்படி இல்லை. காலை மடக்கும்போது தொடை எலும்பு, கணைக்கால் எலும்பின் மேல் உருள்கிறது. கூடவே சறுக்கவும் செய்கிறது. உருளல் மட்டும் இருந்தால் பாதி மடக்கும்போதே தொடை எலும்பு பின்பக்கம் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். 1836-லேயே ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் இந்த உருளலையும் சறுக்கலையும் விவரித்துவிட்டார்கள்.

காலை முழுதாக நீட்டும் கடைசி 20 டிகிரி அளவில் இன்னொன்றும் நடக்கிறது. கணைக்கால் எலும்பு மெல்ல வெளிப்பக்கமாகத் திரும்பி மூட்டு பூட்டிக்கொள்கிறது. நாம் நெடுநேரம் தசை வலிக்காமல் நிற்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். மடக்கத் தொடங்கும்போது பூட்டு திறந்து கால் உள்பக்கம் திரும்புகிறது. ஆக, முட்டியில் மடக்கு, நீட்டு, திருப்பம், சறுக்கல் எல்லாம் சேர்ந்தே நடக்கின்றன. சறுக்கலும் திருப்பமும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது குறுக்கு ஜவ்வுகள்.

கணைக்கால் எலும்பை முன்னால் இழுக்கும் விசையில் சுமார் 85 விழுக்காட்டை ஏசிஎல் ஒன்றே எதிர்க்கிறது என்று 1980-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சடல முட்டிகளில் அளந்து காட்டினார்கள். 1991-ல் வந்த இன்னொரு அளவீட்டில், 22 முதல் 35 வயதுக்காரர்களின் ஏசிஎல் அறுபடச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. ஏறக்குறைய 220 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். 60 வயது தாண்டியவர்களிடம் அது 658 நியூட்டன்தான், அதாவது 67 கிலோ.

ஒன்றரை அங்குலம்கூட இல்லாத ஒரு நார் 220 கிலோ தாங்கும் என்றால், 70 கிலோ இளைஞனுக்கு, யாரும் தொடாமலே, அது எப்படி அறுகிறது?

பதில் தசைகளிடம் இருக்கிறது. முன்தொடைத் தசை முட்டிச் சில்லின் வழியாகக் கணைக்கால் எலும்பை இழுக்கிறது. கால் ஏறக்குறைய நேராக இருக்கும்போது, அதாவது 0 முதல் 30 டிகிரி மடக்கத்துக்குள், அந்த இழுப்பு எலும்பை முன்பக்கமும் தள்ளுகிறது, ஏசிஎல் விறைக்கிறது. முட்டியை நன்றாக மடக்கினால் இழுப்பின் சாய்வு மாறிப் பின்பக்கம் போய்விடும். ஏசிஎல்லுக்குச் சுமை குறையும். பின்தொடைத் தசை எப்போதும் எலும்பைப் பின்னால் இழுப்பதால் அது ஏசிஎல்லின் கூட்டாளி. இந்த ஒரு கோணக் கணக்கை வைத்தே விபத்தையும், பயிற்சி முறையையும், தடுப்பு முறையையும் விளக்கிவிடலாம்.

40 மில்லிவினாடி

ரெய்டர் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டார். திரும்பி நடுக்கோட்டுக்குப் பாய வேண்டும். இடது காலை ஊன்றி வேகத்தைத் தடுக்கிறார். கால் கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. ஷூவின் அடிப்பகுதி தரையில் விரித்த மேட்டைக் கவ்விப் பிடித்திருக்கிறது; பாதம் அசையவில்லை. உடம்பு மட்டும் வலப்பக்கம் திரும்புகிறது. எடை முழுவதும் அந்த ஒற்றைக் காலில் விழ, முட்டி உள்பக்கமாகச் சரிகிறது. நிறுத்துவதற்காக முன்தொடைத் தசை முழு பலத்தோடு இழுக்கிறது. பின்தொடைத் தசை அதே அளவுக்கு விழித்துக்கொள்வதற்குள் 'பொட்' என்று ஒரு சத்தம்.

ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களில் காயமடைந்த காட்சிகளைப் பல கேமராக் கோணங்களிலிருந்து அலசிய நார்வே ஆய்வாளர்கள், பாதம் தரையைத் தொட்ட 40 மில்லிவினாடிக்குள் ஜவ்வு அறுந்திருக்கும் என்று 2010-ல் கணித்தார்கள். வலி தெரிந்து காலைத் திருத்திக்கொள்ள மூளைக்கு இந்த நேரம் போதாது. 'பார்த்து விளையாடக் கூடாதா' என்று திட்டுவதில் பொருளே இல்லை. கால் எப்படி இறங்க வேண்டும் என்பது தரையைத் தொடுவதற்கு முன்பே உடம்பில் பதிந்திருக்க வேண்டும்.

ஏசிஎல் காயங்களில் சுமார் 70 விழுக்காடு இப்படி எதிராளியின் இடி நேரடியாகப் படாமல் ஏற்படுகிறவை என்பது மற்ற விளையாட்டுகளில் திரட்டிய பொதுக் கணக்கு. கபடியில் இதற்கு மேல் இரண்டு ஆபத்துகள் சேர்கின்றன. ஒன்று, கணுக்கால் பிடி: பாதம் சிறைப்பட்டிருக்க, உடம்பை முறுக்கிக் கோட்டை நோக்கி இழுப்பது. மற்றொன்று, பக்கவாட்டிலிருந்து தொடையில் விழும் இடி. இதில் ஏசிஎல்லோடு உள்பக்க ஜவ்வும் மெனிஸ்கஸும் சேர்ந்து போக வாய்ப்பு அதிகம்.

மண் தரையா, மேட்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஷூவுக்கும் தரைக்கும் பிடிப்பு கூடக்கூட ஏசிஎல் ஆபத்து கூடும் என்பது கால்பந்து ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலே சில நேரம் ஜவ்வைக் காப்பாற்றும். அதற்காக மேட் கூடாது என்பதல்ல. விழும்போது தோலையும் தோளையும் காப்பது அதுதான். மண்ணில் பழகிய கால் போட்டி அன்று மட்டும் புது ஷூவோடு மேட்டில் இறங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

வண்டியில் விழுந்தால் வேறு கணக்கு

முட்டி ஜவ்வு விளையாட்டுக்காரர்களின் வியாதி என்ற எண்ணம் நம் நாட்டில் பாதிதான் சரி. இருசக்கர வண்டிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்து மணலில் டயர் சறுக்குகிறது. சாயும் வண்டியை ஒற்றைக் காலை ஊன்றித் தாங்கப் பார்க்கிறோம். 100 கிலோவுக்கு மேலான வண்டி முட்டியை முறுக்கிக்கொண்டு விழுகிறது, ஏசிஎல் போகிறது. மடக்கிய முட்டி முன்பக்கமாகத் தரையிலோ எதிரே வரும் வண்டியிலோ மோதினால் கணைக்கால் எலும்பு பின்னால் தள்ளப்பட்டு பிசிஎல் போகிறது. பிசிஎல் மட்டும் தனியாகக் கிழிந்தால் பெரும்பாலும் கத்தி இல்லாமலே சமாளித்துவிடலாம்.

ஆனால் வேகமான விபத்தில் மூன்று நான்கு ஜவ்வுகள் ஒரே நேரத்தில் அறுந்து மூட்டே விலகிப்போவது உண்டு. சில நேரம் விலகிய மூட்டு, ஆஸ்பத்திரி போவதற்குள் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். பார்வைக்கு வெறும் வீக்கம் போலத் தெரியும். முட்டிக்குப் பின்னால் ஓடும் முக்கிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருக்கலாம். 8 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரும் வாய்ப்பு மிக அதிகம். விபத்துக்குப் பின் பாதம் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ எண்ணெய்க் கட்டுக்கும் சுளுக்கு எடுக்கவும் போய் ஒரு ராத்திரியைக் கழிக்கக் கூடாது. ரத்தக்குழாய் அறுவை செய்யும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரி சுமார் 25 கிலோமீட்டர்.

ஏன் தானாக ஒட்டுவதில்லை

உள்பக்க ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் பிரேஸ் போட்டு 6 வாரத்தில் ஆறிவிடும். ஏசிஎல் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? உள்பக்க ஜவ்வு மூட்டுக்கு வெளியே இருக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைவைப் பிடித்துக்கொண்டு புதுத் திசு வளர்கிறது. ஏசிஎல் மூட்டின் நடுவே, மூட்டுத் திரவத்தில் இருக்கிறது. அங்கே ரத்த உறைவு நிலைக்காமல் கரைந்துபோவதால், கிழிந்த இரு முனைகளுக்கும் நடுவே பாலம் உருவாவதில்லை.

1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குறுக்கு ஜவ்வுகளை முதன்முதலில் நேரடியாகத் தைத்தார். தையல் முறை பிற்காலத்தில் பெருவாரியானவர்களுக்கு நிலைக்கவில்லை. 1917-ல் ஹே குரோவ்ஸ் வேறு இடத்துத் திசுவை எடுத்துப் புது ஜவ்வு கட்டும் வழியைக் காட்டினார். இன்றைய ஆபரேஷன் அந்த வழியில் வந்ததுதான். 1980-களில் செயற்கை நார்களையும் போட்டுப் பார்த்தார்கள். பல அறுந்தன, உதிர்ந்த துகள்களால் மூட்டு வீங்கியது.

ஆனால் ஒருபோதும் ஒட்டாது என்று அடித்துச் சொல்லும் காலம் போய்விட்டது. 2023-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், காயமான புதிதிலேயே முட்டியை 90 டிகிரி மடக்கி 4 வாரம் பிரேஸில் வைத்தார்கள்; பிறகு படிப்படியாக நீட்டவிட்டார்கள். 80 பேரில் 90 விழுக்காட்டினருக்கு 3 மாத ஸ்கேனில் ஜவ்வு மீண்டும் தொடர்ச்சியாகத் தெரிந்தது. செய்தித் தலைப்புக்கு நல்ல தீனி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. காலை மடக்கியே வைத்திருப்பதால் காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்துபோகும் அபாயமும் உண்டு. வீட்டில் தானாகச் செய்து பார்க்கும் வைத்தியம் அல்ல.

ரிப்போர்ட் சொல்வது எவ்வளவு

'பொட்' சத்தம், 2 முதல் 6 மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்குவது, அதற்குமேல் ஆட முடியாமல் போவது. இந்த மூன்றும் சேர்ந்தாலே ஏசிஎல் மீது சந்தேகம் வர வேண்டும். அந்த வீக்கம் நீர் அல்ல, உள்ளே கசிந்த ரத்தம்.

அனுபவமுள்ள கைக்கு ஸ்கேன் இல்லாமலே பாதி தெரிந்துவிடும். நோயாளியைப் படுக்கவைத்து, முட்டியை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து, மறு கையால் கணைக்காலை முன்னால் இழுக்கிறார் மருத்துவர். நல்ல ஜவ்வு 'டக்' என்று நிறுத்தும். கிழிந்திருந்தால் எலும்பு முன்னால் வரும், அந்தத் திடமான நிறுத்தம் இருக்காது. லாக்மன் சோதனை என்று இதற்குப் பெயர். வலியும் வீக்கமும் இருக்கும் முதல் நாட்களில் தசை இறுகிப்போய் இது சரியாகத் தெரியாது. அதனால்தான் பத்து நாள் கழித்து வரச் சொல்கிறார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. கிழிசலைக் காட்டும், மெனிஸ்கஸின் நிலையையும் எலும்பில் பட்ட உள்காயத்தையும் காட்டும். ஆனால் படம் எடுக்கும்போது நோயாளி அசையாமல் படுத்திருக்கிறார். படியில் இறங்கும்போதோ பஸ்ஸிலிருந்து குதிக்கும்போதோ அந்த முட்டி என்ன செய்கிறது என்று படத்துக்குத் தெரியாது. ஒரே அளவு கிழிசல் உள்ள இரண்டு பேரில் ஒருவர் தசை பலத்தாலும் எலும்பின் அமைப்பாலும் முட்டியை நழுவாமல் ஓட்டிவிடுகிறார். இன்னொருவருக்குத் தெருமுனையில் திரும்பினாலே முட்டி விட்டுப்போகிறது. கணைக்கால் எலும்பின் மேல்பரப்பு பின்பக்கமாக அதிகம் சரிந்திருப்பவர்களுக்கு நழுவலும் அதிகம்.

கத்தி யாருக்கு

இங்கே நல்ல ஆதாரம் இருக்கிறது. சுவீடனில் 121 சுறுசுறுப்பான இளைஞர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 62 பேருக்கு உடனே ஆபரேஷன், பிறகு பயிற்சி. 59 பேருக்கு முதலில் பயிற்சி. முட்டி நழுவினால் மட்டும் பின்னால் ஆபரேஷன். முடிவு 2010-ல் வந்தது, ஐந்தாண்டுத் தொடர்ச்சி 2013-ல். வலி, அன்றாட வேலை, விளையாட்டு, மூட்டுத் தேய்மானம் எதிலும் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 59 பேரில் 30 பேர் ஐந்தாண்டுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். மீதிப் பேருக்குத் தேவைப்படவே இல்லை. நெதர்லாந்தில் 167 பேரிடம் நடத்தி 2021-ல் வெளிவந்த ஆய்விலும், முதலில் பயிற்சிக்குப் போனவர்களில் பாதிப் பேர் கத்தியைத் தவிர்த்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷனே வீண் என்று கிளம்பக் கூடாது. 2022-ல் வந்த பிரிட்டன் ஆய்வு 316 பேரைப் பற்றியது. காயமாகிச் சில காலம் கழிந்தும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் ஆபரேஷனுக்கே நல்ல பலன் கிடைத்தது. மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இல்லை. நழுவாத முட்டி காத்திருக்கலாம். நழுவும் முட்டி காத்திருக்கக் கூடாது.

ஏன் கூடாது? ஒவ்வொரு நழுவலிலும் உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி, இல்லாத ஏசிஎல்லின் வேலையையும் சேர்த்துச் செய்து நசுங்குகிறது. அதன் வெளிவிளிம்பில் மட்டுமே ரத்த ஓட்டம் உண்டு. உள்பகுதி கிழிந்தால் ஆறுவது அரிது. முட்டியின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் முதல் கிழிசலுக்குப் பின் வரும் இந்த இரண்டாவது காயம்தான்.

நடைமுறையில் ஆபரேஷன் பக்கம் தராசு சாய்வது இப்படி:

1. நன்றாகப் பயிற்சி செய்த பிறகும் முட்டி விட்டுப்போகிறது.
2. தைத்துக் காப்பாற்றக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசலும் சேர்ந்திருக்கிறது. மடக்கவோ நீட்டவோ முடியாமல் முட்டி சிக்கிக்கொண்டால் இது அவசரம்.
3. வயது குறைவு; கபடி, கால்பந்து போல வெட்டித் திரும்பும் ஆட்டத்துக்கே மறுபடி போகப் போகிறார்.
4. ஒன்றுக்கு மேற்பட்ட ஜவ்வுகள் போயிருக்கின்றன.
5. தொழிலே ஆட்டத்தைப் போல. அலையில் ஆடும் ஃபைபர் படகில் நின்று வலை இழுக்கும் தேவனாம்பட்டினத்து மீனவரின் முட்டி, நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் முட்டியைவிடக் கபடிக்காரரின் முட்டிக்குத்தான் நெருக்கம்.

வெளிநாட்டு ஆய்வுகளை இங்கே பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை உண்டு. அங்கே பயிற்சி என்றால் பிசியோதெரபிஸ்ட் கண்ணெதிரே, மாதக்கணக்கில், அளந்து அளந்து சுமையைக் கூட்டிச் செய்வது. நம்மூரில் பலருக்கு அது ஒரு ஜெராக்ஸ் தாளாகக் கைக்கு வருகிறது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறிக் கடலூர் வந்துபோகும் செலவையும் கூலி இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஆபரேஷன் இல்லாத வழி மலிவானது என்று சொல்ல முடியாது. படுக்கையில் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, பயிற்சி பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவதும் நியாயமில்லை.

புது ஜவ்வின் முதல் வருடம்

ஆபரேஷன் என்றால் கிழிந்ததைத் தைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அல்ல. பின்தொடையிலிருந்தோ, முட்டிச் சில்லின் கீழிருந்தோ, மேலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, இரு எலும்பிலும் துளையிட்டு, பழைய ஜவ்வின் இடத்தில் பொருத்துகிறார்கள். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநாணை எடுக்கும் வழக்கமும் இங்கே பரவியிருக்கிறது.

பொருத்திய அன்று அது பழைய ஜவ்வைவிட வலுவாகவே இருக்கும். பிறகுதான் சிக்கல். ரத்த ஓட்டத்திலிருந்து பிரித்தெடுத்த திசு என்பதால் அதன் பழைய செல்கள் முதல் வாரங்களில் செத்துப்போகின்றன. புது ரத்தக்குழாய்கள் நுழைந்து, புதுச் செல்கள் குடியேறி, அது ஜவ்வாக மாறவேண்டும். இதற்கு ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நடுவில் சில மாதங்கள் அது பலவீனமாக இருக்கும். கொடுமை என்னவென்றால், அதே சமயத்தில்தான் வலி அடங்கி, வீக்கம் வற்றி, நடை இயல்பாகிவிடுகிறது. 'எனக்குச் சரியாகிடுச்சு' என்று ஆள் சொல்லும் நான்காவது மாதத்தில், அதை ஆமோதிக்கும் நிலையில் ஜவ்வு இல்லை.

2016-ல் வெளிவந்த நார்வே–அமெரிக்க ஆய்வு இதற்கு எண் கொடுத்தது. ஆட்டத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், மறுபடி முட்டியில் காயம்படும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. தசை பலம், ஒற்றைக் கால் தாண்டல் போன்ற தேர்வுகளில் தேறித் திரும்பியவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கு மறுகாயம். தேறாமல் திரும்பியவர்களில் 38.2 விழுக்காடு. காலண்டரில் 9 மாதம் ஓடியிருப்பது மட்டும் போதாது. ஆபரேஷன் செய்த காலின் பலம் மறு காலின் பலத்தில் 90 விழுக்காட்டையாவது தொட்டிருக்க வேண்டும்.

இளம் ஆட்டக்காரர்களுக்கு மறுபடி அறுவது பெரிய தலைவலி. 2020-ல் 618 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், முட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு கூடுதல் பட்டையையும் இறுக்கித் தைத்தபோது புது ஜவ்வு அறுவது 11 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைந்தது. உங்கள் மகனுக்கு டாக்டர் கூடுதலாக ஒரு தையல் சொன்னால் பில்லை ஏற்றுவதற்காக என்று உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆபரேஷன் செய்தால் தேய்மானம் வராது என்ற வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டாம். ஏசிஎல் கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 வருடத்தில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது; ஆபரேஷன் செய்தவர்களும் இதில் அடக்கம்.

சம்மணமும் குத்துக்காலும்

மேலைநாட்டு வழிகாட்டிகளில் இந்தக் கேள்விக்குப் பெரிய இடம் இல்லை. நமக்கு இதுதான் முதல் கேள்வி. குத்துக்காலிட்டு உட்காரும்போது முட்டி 130 டிகிரிக்கு மேல் மடங்குகிறது. அந்த ஆழத்தில் ஏசிஎல்லுக்குச் சுமை குறைவு. பிசிஎல்லுக்கும் மெனிஸ்கஸின் பின்பகுதிக்கும்தான் அதிகம். அதனால் ஏசிஎல் மட்டும் சரிசெய்தவருக்கும், மெனிஸ்கஸையும் தைத்தவருக்கும் கட்டுப்பாடு ஒன்றல்ல. தையல் உள்ளவர் பல மாதம் தரையில் உட்காரக் கூடாது. இந்தியக் கழிப்பறையும் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் ஒரு கமோட் நாற்காலி வந்துவிட வேண்டும். எந்த மாதம் எந்த அளவு மடக்கலாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாய்வார்த்தை வீட்டுக்கு வருவதற்குள் மாறிவிடும்.

அறுந்துபோகாமல் இருக்க

பெண்களுக்கு, அதே ஆட்டத்தில், ஆண்களைவிட ஏசிஎல் காயம் 2 முதல் 8 மடங்கு வரை அதிகம் என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பின் அகலம், எலும்பு இடுக்கின் குறுகல், ஹார்மோன் என்று உடம்பின் மீது மட்டும் காரணம் தேடினார்கள். குதித்து இறங்கும் முறையும் தசைப் பயிற்சியும் பெரிய காரணங்கள் என்று பிறகு தெரிந்தது. உடம்பை மாற்ற முடியாது, இறங்கும் முறையை மாற்றலாம். சரியான பயிற்சித் திட்டங்கள் ஏசிஎல் காயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற 20 நிமிட வார்ம்-அப் இதற்குப் பெயர்போனது. புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் ஆடும் கால்பந்துப் பிள்ளைகளுக்கும் கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் பழகும் கபடிப் பிள்ளைகளுக்கும் இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம்:

1. மெதுவான ஓட்டம், நடுநடுவே பக்கவாட்டு ஓட்டமும் திருப்பமும்.
2. ஒற்றைக் காலில் நின்று சமநிலை. கூட்டாளி தோளைத் தள்ளினாலும் முட்டி உள்ளே சரியக் கூடாது.
3. குதித்து இறங்குதல். முட்டி மடங்கியே இறங்க வேண்டும். முட்டி கால்விரல்களின் நேர்கோட்டில் இருக்க வேண்டும்.
4. மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்திருக்க, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் பின்தொடைப் பயிற்சி.
5. வேகமாக ஓடி வந்து, ஒரே அடியில் அல்லாமல் இரண்டு மூன்று குறு அடிகளில் நின்று திரும்புதல்.

மூன்றாவதுதான் சாரம், பயிற்சியாளர் எதிரே நின்று ஒவ்வொரு பிள்ளையின் முட்டியையும் பார்த்துத் திருத்தினால்தான் அது வேலை செய்யும். நார்வேயில் 1,892 பெண் ஆட்டக்காரர்களிடம் இந்தத் திட்டத்தைச் சோதித்தபோது, அதை அடிக்கடி செய்த அணிகளில் காயம் மற்ற அணிகளைவிடக் குறைந்தது. போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் கற்றுக்கொடுத்துப் பயனில்லை. வாரம் 2 முறையாவது, சீசன் முழுக்க.